ஹீலியத்தை நகர்த்திவிட்டார்கள், டீச்சர்

டீச்சர்,

லேப் கதவைத் திறந்தாலே புது ஃபிளெக்ஸின் வாடை இன்னும் மூக்கில் ஏறுகிறது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. ஆசிட் வாடையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த பிளாஸ்டிக் வாடை தலையை வலிக்கச் செய்கிறது. நீங்கள் இருந்திருந்தால், "அது வாடை இல்ல டீச்சர், உங்க கோவம்" என்று சிரித்திருப்பீர்கள். கோபம்தான். யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல் உங்களிடமே வருகிறேன். நீங்கள் போன பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் வேதியியலுக்காகச் சண்டை போட நான் ஒருத்திதான் மிச்சம். அந்த வகையில் உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து லேப் சுவரில் எழுதினோமே தனிம வரிசை அட்டவணை, அதன் மேலேயே ஒரு ஃபிளெக்ஸை ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். அதுவும் தனிம வரிசை அட்டவணைதான். பள்ளி விழாவுக்காக, பிரான்சில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர், "மேல நடுவுல இவ்வளவு எடம் சும்மா கெடக்கே சார், அவரு போட்டோவ எங்க போடுறது?" என்று கேட்டிருக்கிறார். நம் பிரின்சிபால் அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நகர்த்திவிட்டார்கள்.

ஹீலியம் அதில் ஹைட்ரஜனை உரசிக்கொண்டு, பெரிலியத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. குளோரினுக்குக் கீழே புரோமின் இருந்த இடத்தில் மாங்கனீசு. ஆர்கான் இரும்பின் மேலே. வலது பக்கம் கிடைத்த காலி இடத்தில் அந்த நல்ல மனுஷர் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

நாம் எழுதிய நாட்களை நினைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில்தான் நமக்கு நேரம் கிடைத்தது. அன்றைக்குத் திருநள்ளாறு கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. நீங்கள் வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, நெரவி முக்கில் நிற்கும் என்னையும் ஏற்றிக்கொள்வீர்கள். பெஞ்சுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். கட்டம் போட நூல் பிடிப்பது நான், எழுதுவது நீங்கள். ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம். லித்தியத்துக்கு மேலே ஒட்டி எழுதவேண்டும் என்றேன் நான். "அது ஒரு வீட்டோடயும் ஒத்துப்போவாது டீச்சர், கொஞ்சம் தள்ளியே நிக்கட்டும்" என்று விரல் அளவு இடைவெளி விட்டு எழுதினீர்கள். அந்த இடைவெளியை வைத்தே ஒரு வகுப்பு முழுக்க எடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சுரக்குடி கல்யாணம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அட்டெண்டர் மகளுக்குக் கல்யாணம். நீங்களும் நானும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். நம் வரிசையில் கடைசி இலை ஒன்று மட்டும் காலி. பெண்ணின் மாமா வாசலுக்கு ஓடி, வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறார். "ஒரு எலதாங்க, வாங்க, வாங்க." நீங்கள் முழங்கையால் இடித்து, "பாத்தீங்களா, ஃப்ளோரின்" என்றீர்கள். எனக்குப் புரை ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு பந்தியை விட்டால் உங்களுக்கு வேறு பாடமே கிடையாது. முதல் பந்தியில் இரண்டே இலை. ஹைட்ரஜனும் ஹீலியமும் உட்கார்ந்ததும் நிறைந்துபோகும். அடுத்த இரண்டு பந்தியிலும் எட்டெட்டு இலை. நாலாவது பந்தியில் கூட்டம் கூடி, பதினெட்டு. கிடையாகப் போகும் பந்திக்குப் புத்தகம் தொடர் என்று பெயர் வைத்திருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்தால் தொகுதி. லித்தியமும் சோடியமும் பொட்டாசியமும் வேறு வேறு பந்தியில் முதல் ஆளாக வந்து தனியாக உட்கார்ந்தவர்கள். எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்ப்பவர்கள். அதனால்தான் மூன்றுக்கும் ஒரே குணம், தண்ணீரைக் கண்டால் ஒரே ஆட்டம். ஃப்ளோரினுக்கு ஒரே ஒரு இலைதான் பாக்கி, அதனால் போகிற ஆளையும் பிடித்து இழுக்கும். ஹீலியத்துக்கும் நியானுக்கும் ஆர்கானுக்கும் பந்தி நிறைந்துவிட்டது, யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. அவை ஒன்றின் கீழ் ஒன்றாக வலது ஓரத்தில்தான் நிற்கவேண்டும். கீழே பதினெட்டு பேர் வருவதால் மேலே நடுவில் இடம் விட்டே ஆகவேண்டும். "அந்த எடம் சும்மா இல்லங்க. அதுதான் எல்லாரையும் அவங்கவங்க சொந்தக்காரங்களுக்கு நேரா நிறுத்தி வச்சிருக்கு" என்பீர்கள். முதலில் அட்டவணை போட்ட ரஷ்யக்காரர், அன்றைக்குக் கண்டுபிடிக்காத தனிமங்களுக்குக்கூட இடம் விட்டுவைத்தாராம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் தாழும்.

இதையெல்லாம் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார், பாவம், வரலாறு படித்தவர்.

"ஏதாவது தனிமம் விட்டுப்போச்சா டீச்சர்?"

"இல்ல சார்."

"நம்பர் மாறிப்போச்சா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாத்தானே போவுது?"

"வரிசை சரிதான் சார். ஆனா..."

"பின்ன என்னங்க? விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

வரிசை சரிதான், சிக்கலே அதுதான். ஒரு எண்கூடத் தவறவில்லை. எண் மட்டும் போதும் என்றால் அட்டவணை எதற்கு, ஒரே கோடாக எழுதி வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஒட்டிவிடலாமே! இதை வாய்விட்டுச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் பந்தல்காரருக்கு போன் போட்டுவிட்டார். உங்களுக்கு இப்படி ஆகாது. நீங்கள் மேஜையில் இருக்கும் டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டியே அவரைச் சம்மதிக்க வைத்திருப்பீர்கள். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது.

விழா நடந்தது. வந்தவர்கள் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. மறுநாள் பிளஸ் ஒன் வகுப்பில், ஹீலியத்தின் குணம் வேறு எதற்கெல்லாம் இருக்கும் என்று கேட்டேன். வகுப்பே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது. ஃபிளெக்ஸில் ஹீலியத்துக்குக் கீழே பார்த்து, "பெரிலியம், மெக்னீசியம் டீச்சர்" என்றார்கள், ஒரே குரலில். அவர்கள் மேல் என்ன தப்பு? தொகுதியைக் கீழ்நோக்கிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

சாக்பீஸை வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். லேபில் இருந்த குறடால் ஆணிகளைப் பிடுங்கினேன். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். ஃபிளெக்ஸ் சரிந்து விழுந்தது, பின்னால் நம் சுவர். உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது டீச்சர். ஒரு ஆணி மட்டும் நியானின் நடுவில் இறங்கி, காரை பெயர்ந்துவிட்டது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு நன்றாகவே திட்டினார். நானும் விடவில்லை. கடைசியில் ஃபிளெக்ஸை வராந்தாவில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஹீலியம் இன்னும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது, போகிற வருகிற பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள். லேப் சுவரை மட்டும் காப்பாற்ற முடிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு மேஜை. உங்களுக்குத் தெரியுமே, எனக்கும் தமிழ் டீச்சருக்கும் நடுவில் உங்கள் நாற்காலி. நீங்கள் இல்லாத இந்த ஒரு வருஷமாக அது அங்கேயேதான் கிடக்கிறது. என் ஊறுகாய் டப்பாவை இன்றைக்கும் இடப்பக்கம்தான் தள்ளி வைக்கிறேன். தமிழ் டீச்சருக்குக் கை எட்டாது, எழுந்து வந்து எடுத்துக்கொள்வார். திட்டு வாங்கிய அன்றைக்கு மேஜை ஓரத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் வேண்டியிருந்தது. யாரோ சாதாரணமாகத்தான் சொன்னார்கள், "கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க டீச்சர், பக்கத்துல எடம் காலியாத்தானே இருக்கு."

சோற்றில் கையை வைத்தபடியே, "இல்லங்க, இங்க ஆள் இருக்காங்க" என்றேன்.