உன் வீட்டுக்கு வாடகை சொல்லப் போனேன்

நேற்று உன் மகள் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, “பெரியம்மா, எவ்வளவு வாடகை சொல்லலாம்?” என்று கேட்டாள். நீ போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் தன்னோடு கூட்டிப் போகிறாளாம். அவருடைய மருந்துச் செலவு இனி இந்த வாடகையில்தான் ஓட வேண்டும். விசாரித்துப் பார்க்க உங்கள் கடற்கரையில் வாடகை வீடு ஏது? விட்ட வீடெல்லாம் மொத்தமாகப் பணம் வாங்கி ஒத்திக்கு விட்டவை.

குலசேகரத்தில் எனக்கும் அன்று இதே திண்டாட்டம். மகன் துபாய்ப் பணத்தில் கட்டிய வீடு ரப்பர் தோட்டத்து நடுவில் தனியாக நின்றது. ஒப்பிட வேறு வீடு இல்லாமல் டவுனில், வடசேரியில் கேட்கும் வாடகையைச் சொன்னேன். வந்தவர்கள் எல்லாம் வாசலோடு திரும்பினார்கள். காரணம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய உனக்கு அந்தக் கூச்சம் ஏது? புதுக்கடைச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு நேரே வந்தாய். உள்ளே காலை வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாய்.

“ஏட்டி, இந்த ஷீட்டு நாத்தத்துல மனுசன் சோறு திம்பானா?”

பக்கத்திலேயே ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை. எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கருவாட்டுக்காரி என் வீட்டைச் சொல்வதா என்று சுள்ளென்று கோபம் வந்தது.

“கோவப்படாத மக்கா. எனக்க வீட்டு நாத்தம் எனக்குத் தெரியாது, உனக்க வீட்டு நாத்தம் உனக்குத் தெரியாது. வாடகை சொல்லணும்னா வேற வீட்டு மூக்கு வேணும். எனக்க வீட்டுக்கு நீ வந்து சொல்லு. பாசம் பாத்துச் சொன்னியோ, கொன்னுருவேன்!”

நீ சொன்னபடி குறைத்தேன். அடுத்த வாரமே ஒரு நர்ஸ் குடும்பத்தோடு வந்தாள். வருஷக்கணக்காக இருந்தாள்.

அந்த வாக்குக்காகத்தான் நேற்று உன் வீட்டில் அறை அறையாக நடந்தேன். கருவாடு அடுக்கும் பின்னறையைக் கழுவி வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாடை, கடல் காற்று, அவ்வளவுதான். எத்தனை தடவை உன்னைக் கிண்டல் செய்துகொண்டே மூக்கைப் பொத்திய அறை அது! அழுதுவிட்டேன்.

“கொறைக்கணுமா பெரியம்மா?” என்றாள் உன் மகள்.

“கொறைக்க ஒண்ணுமே இல்ல மக்கா.”

மருந்துக்குப் போதுமான வாடகைதான் சொன்னேன். பாசம் பார்க்கவில்லை, நம்பு.

புறப்படும்போது கொல்லையில் உன் பழைய கருவாட்டுக் கடவம் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அந்த ஓலைப்பெட்டியை மடியில் வைத்து, ஊர் வரும்வரை முகர்ந்துகொண்டே வந்தேன்.