தேசிக்காய்த் தோல் போத்தல்

வெள்ளிக்கிழமை. மழை விடவே இல்ல.

அம்மாவ இன்னைக்கிப் பொதைச்சாச்சு. தூக்கம் வரல, எழுதுறேன்.

கடையில விக்கிற கழுவுற தண்ணிய அம்மா ஒருநாளும் வாங்கினதில்ல. பிழிஞ்ச தேசிக்காய்த் தோலையும் உப்பையும் ஒரு போத்தல்ல ஊறப் போட்டு வைப்பாங்க. எலுமிச்சைய நாங்க தேசிக்காய்னுதான் சொல்லுவோம். சட்டி, ஜன்னல், தரை எல்லாத்துக்கும் அதுதான். தேயிலக் கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்துப்போன வெரலுக்கும் அதுதான். பலாங்கொடை டவுனுக்குப் போகணும்னா மொத நாளே தேய்க்க ஆரம்பிச்சிருவாங்க. முழுசாப் போகாது. கைய முந்தானையில மறைச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க.

காலையில அம்மாவக் குளிப்பாட்டினப்போ அந்த வெரலப் பாத்தேன். அப்பிடியே அனுப்ப மனசு வரல. போத்தல எடுத்துட்டு வந்து ஒவ்வொரு வெரலாத் தேய்ச்சேன். ஆஸ்பத்திரியில கெடந்த நாள்ல கறை பாதி மங்கியிருந்துச்சு. மிச்சமும் போயிருச்சு. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "நல்ல வேல செஞ்ச புள்ள"ன்னாங்க.

பொட்டிய மூடுறதுக்கு முந்தி அப்பா வந்து அம்மா கையத் தூக்கினாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"கறை எங்க?"

"தேய்ச்சு எடுத்துட்டேன்ப்பா."

என்னையப் பாக்காமலே சொன்னாரு. "கட்டிக்கிட்டு வந்தன்னைக்கி இந்தக் கை இப்பிடித்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் இன்னைக்கித்தான் பாக்குறேன்."

நான் செஞ்சது சரியான்னு தெரியல. வந்தவங்க குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையெல்லாம் கழுவாமக் கெடக்கு. போத்தல்ல இன்னும் பாதி இருக்கு. அத எடுக்கக் கை வரமாட்டேங்குது.