இறக்கைக்கு நான் கொடுத்த தாள்

என் மணி அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். கடையில் நின்றால் வீட்டுக்கு ஓடத் தோன்றுகிறது, வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறேனாம், அம்மா சொல்கிறார்.

இதை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நினைவு நாளுக்குப் படத்தோடு நான்கு வரி போடுவோமே, அதற்குப் பதிலாக. இந்த வருடம் நான்கு வரியில் அடங்கவில்லை, அண்ணே. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்தோம். புந்தோங்கில் வாடகை வீடு. நீ ஈயச் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டர். நான் பழைய டவுனில் ஒரு தாள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சாமி படம் ஒட்டும் தாள், விளக்குக் கூண்டுத் தாள், பட்டம் கட்டும் தாள், பெட்டிக்கு உள்ளே வைக்கும் தாள் என்று நாள் முழுக்கத் தாள்தான். இரண்டே வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவியே இன்னது என்று சொல்லிவிடுவேன். கடை முதலாளி தௌகே அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கல்லாப் பக்கத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார்.

உனக்கு அப்போது விமானக் கிறுக்கு. பட்டறையில் உன்னோடு வேலை செய்த சுப்ரா அண்ணனுக்கும் அதே கிறுக்கு. தக்கை போன்ற மெல்லிய மரக்குச்சிகளைச் சீவி, கையகல எலும்புக்கூடு மாதிரி ஓர் இறக்கை செய்வீர்கள். ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால் முன்னால் விசிறி சுற்றும், விமானம் எழும்பும். கம்பி கிடையாது, ரேடியோ கிடையாது. கையை விட்டால் அது அதன் இஷ்டம்.

ஆனால் எலும்புக்கூடு பறக்காது, தோல் வேண்டும். அங்கேதான் நான் வந்தேன்.

எத்தனை தாள் கொண்டுவந்து கொட்டியிருப்பேன்! பட்டத் தாள் மினுமினுப்பாக இருந்தது, தண்ணீர் தெளித்ததும் ஒரு பக்கம் மட்டும் இழுத்து இறக்கையை முறுக்கிவிட்டது. ஆப்பிள் சுற்றி வரும் ஊதா நிறத் தாளை மார்க்கெட்டில் பொறுக்கி வந்தாய். நல்ல லேசு, ஆனால் எண்ணெய் பூசியது, பசை ஒட்டவில்லை. சுப்ரா அண்ணன் பட்டுத் துணி வேண்டும் என்றார். துணி கிழியாதுதான், ஆனால் இழை இடைவெளியை அடைக்க மூன்று பூச்சு வார்னிஷ் குடித்தது. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டைக் கிழித்துக் காட்டுவேன். ஒரு பக்கம் கிழித்தால் நேர்கோடாகப் போகும், மறுபக்கம் கிழித்தால் பல்லைக் காட்டும். நேராகப் போகும் பக்கம்தான் இறக்கையின் நீளத்தோடு ஓட வேண்டும். இதை நீ படித்த ஆங்கிலப் புத்தகம் உனக்குச் சொல்லும் முன்னால் நான் சொன்னேன் என்பதில் எனக்கு எவ்வளவு திமிர்!

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று கொஞ்சம் தடித்த வெள்ளைத் தாள், மழை ஈரத்துக்கும் அசையாது. மற்றது தௌகே ஓவியக்காரர் ஒருவருக்காக வரவழைத்த ஜப்பான் தாள். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. விரலை அடியில் வைத்தால் ரேகை தெரியும்.

நீ அடுப்படி வாசலில் நின்று கேட்டாய்: "ராஜி, எதப் போடலாம்? நீ சொல்றதுதான்."

நான் மாவு பிசைந்த கையோடு திரும்பிச் சொன்னேன்: "லேசானதப் போடுண்ணே. பறக்கத்தானே செய்யிறோம்."

இந்த ஒரு வரியைத்தான் ஏழு வருடமாகச் சுமந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் பழைய தோட்டத்துக்குப் போனோம், நீ, நான், சுப்ரா அண்ணன். எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களை அடியோடு சாய்த்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மொட்டைச் செம்மண், அதற்கப்பால் சிம்பாங் பூலாய் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள். நான் மோட்டார் சைக்கிள் அருகே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது விமானம் உன் கையை விட்டுப் போயிருந்தது.

அது வட்டம் போட்டது. விசிறி நின்ற பிறகும் இறங்கவில்லை. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும்பிய காற்று அதைத் தூக்கிக்கொண்டே போனது. தாள் வழியாகச் சூரியன் தெரிந்தது, அண்ணே, இறக்கையின் ஒவ்வொரு எலும்பையும் எண்ணலாம் போல. நீ சிரித்தாய். அப்புறம் அது மலைப்பக்கம் நகர்ந்ததும் ஓடினாய், வண்டியை எடுத்தாய். ஒரு கண் வானத்தில், ஒரு கண் பாதையில் என்றுதான் நினைத்திருப்பாய். இரண்டுமே வானத்தில் இருந்தன.

பெரிய சாலை முனையில் கல் லாரி. ஓட்டியவர் மேல் குற்றம் இல்லை. மண் பாதையிலிருந்து நீதான் நிற்காமல் ஏறினாய். பிரேக் சத்தம் எங்களுக்குக் கேட்டது. விமானம் கிடைக்கவே இல்லை.

காரியத்தன்று யாரோ கேட்டார்கள், விளையாட்டு விமானம் எப்படி அவ்வளவு தூரம் போகும் என்று. சுப்ரா அண்ணன்தான் பதில் சொன்னார். எதிரில் நான் தட்டு எடுத்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தாரோ இல்லையோ. "வால்ல வச்ச ஊதுபத்தி அணைஞ்சிருக்கும். தாளும் ரொம்ப லேசுலா. தடிச்சதாப் போட்டிருந்தா அங்கனயே எறங்கியிருக்கும்."

படிக்கிறவர்களுக்கு ஊதுபத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும். விமானத்தின் வாலை ஒரு சின்ன ரப்பர் வளையத்தால் கட்டி, அதில் விரல்கடை நீள ஊதுபத்தித் துண்டைச் செருகிப் பற்றவைப்பார்கள். அது எரிந்து வளையத்தைத் தொட்டதும் வளையம் அறும், வால் தூக்கிக்கொள்ளும், விமானம் அப்படியே மெதுவாகத் தரைக்கு வந்துவிடும். காற்று கொண்டுபோய்விடாமல் இருக்க அதுதான் காவல். அது தானாக அணைந்துவிட்டால் யார் என்ன செய்வது? மிச்சமிருந்தது தாள்தான். தாளைச் சொன்னவள் நான்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை எந்தத் தாள் என்பதே தெரியாது. பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள், இரண்டு முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். கடையில் மட்டும் ஒரு மாற்றம், அந்த ஜப்பான் தாளை யாராவது கேட்டால் தீர்ந்துவிட்டது என்பேன். உருளை பின்கட்டில் மேல் தட்டில் இருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஈயம் விலை விழுந்துவிட்டது, அண்ணே. உன் பட்டறையை மூடிவிட்டார்கள். கப்பல் மாதிரி நின்ற அந்த ஈய வாரி இயந்திரம் சுரங்கக் குளத்து நடுவே துருப்பிடித்து நிற்கிறது. சுப்ரா அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். போகும் முன் கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஓர் இறக்கை, தோல் போடாத எலும்புக்கூடு. இதற்குத் தாள் நீதான் போட்டுத் தரவேண்டும் என்றார். நான் இறக்கையைத் தொடவில்லை. அவரும் போகாமல் நின்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, அன்னிக்கு ஊதுபத்தி அணையல. பத்தவைக்கவே இல்ல. அது என் வேல. தீப்பெட்டி வண்டிக் கூடையில கெடந்துச்சு, நடந்து போய் எடுக்கச் சோம்பல். மொத தடவதானே மச்சான், தேவையில்லலான்னேன். மணி கொஞ்சம் யோசிச்சான். அப்புறம் சரி விடுன்னுட்டான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவரைப் போகச் சொன்னேன். இறக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. முதலில் அவர் மேல் கோபம். என் முன்னால் நின்றுகொண்டே தாள் மேல் பழியைப் போட எப்படி மனம் வந்தது? அடுத்த நாள் உன் மேல் கோபம். கொஞ்சம் யோசித்தாயாமே, இன்னும் கொஞ்சம் யோசித்தால் என்ன? கூடை பத்தடி தூரத்தில், அதன் பக்கத்தில்தான் நான். 'ராஜி, தீப்பெட்டிய எடு' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால்? மூன்றாம் நாள் வேறு ஒரு பயம் வந்தது. இந்தப் பழியை நான் கீழே வைத்துவிட்டால் உன்னோடு எனக்கு என்ன மிச்சம்? ஏழு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதானே உன் பக்கத்தில் நின்றேன். கடையில் பட்டத் தாள் கேட்டவருக்கு எண்ணெய்த் தாளைக் கொடுத்து தௌகேயிடம் ஏச்சு வாங்கினேன்.

அந்த வாரம் முழுக்க இறக்கை மேசையிலேயே கிடந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு தாளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தடித்ததைப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. போட்டிருந்தால், நான் தப்பாகத்தான் சொன்னேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். நான் தப்பாகச் சொல்லவில்லை, அண்ணே. அது நல்ல தாள். மேல் தட்டிலிருந்த ஜப்பான் தாள் உருளையிலிருந்தே வெட்டினேன். கஞ்சிப் பசை தடவி, நீளவாக்கில் ஒட்டி, தண்ணீரை ஊதித் தெளித்தேன். தொளதொளவென்று இருந்தது காயக் காய இழுத்து, விரலால் சுண்டினால் உறுமி மாதிரி விம்மியது.

சுப்ரா அண்ணனுக்குச் சொல்லியனுப்பி, ஞாயிறு காலை சுரங்கம் விட்டுப்போன மணல்வெளிக்கு இருவரும் போனோம். கொண்டுவந்திருந்த விமானத்தில் அவர் இறக்கையைப் பூட்டினார். ஊதுபத்தியைப் பற்றவைக்க அவர் கிழித்த மூன்று குச்சியும் அணைந்தன. நான் தீப்பெட்டியை வாங்கிப் பற்றவைத்தேன். அவர் விமானத்தைக் கையிலிருந்து விட்டார்.

அது நன்றாகப் பறந்தது. உன்னுடையது அளவுக்கு உயரம் இல்லை. நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால் சட்டென்று தூக்கிக்கொண்டது. விமானம் வயிற்றைக் காட்டித் தள்ளாடி மணலில் வந்து உட்கார்ந்தது. தாளில் கீறல் இல்லை. அதை எடுக்கப் போன சுப்ரா அண்ணன் பாதி வழியில் குந்தி உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது மனிதர் மாதிரி இருந்தார், உன் வயதுதானே அவருக்கு.

பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்தேன் என்று சொல்ல வரவில்லை. இன்னும் வரவில்லை. வந்தது இதுதான்: "அம்மாகிட்ட சொல்லணும், சுப்ராண்ணே. நீங்களும் வாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன்" என்றார்.

உன் இடத்தில் வைத்துத்தான் அம்மா அவருக்கு இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறார். இனிமேலும் போடுவாரா? தெரியாது. என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதுவும் தெரியாது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பத்திரிகையில் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் அனுப்பும் முன்பு, வருகிற வெள்ளிக்கிழமை சுப்ரா அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். சுப்ரா அண்ணன் சொன்னது, நீ சரி என்றது, நான் தாள் கொடுத்தது, மூன்றையும். ஒரு வரியைக்கூடத் தாண்டமாட்டேன். அம்மா பாதியில் எழுந்து போனாலும், அவர் திரும்பி வரும் வரை தாளை மடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
ராஜி
புந்தோங், ஈப்போ