குரைக்காத சீனி

மதினி, என் சேலை முந்தானையில் மறுபடியும் நாய்க்குட்டி வாடை அடிக்கிறது. பாலும் பவுடரும் கொஞ்சம் மூத்திரமும் கலந்த அதே வாடை. நேற்று ராஜபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து மடியில் வைத்துக் கூட்டி வந்தேன். சீனி மாதிரியே கோல்டன் ரெட்ரீவர், பெண் குட்டி. இதை எழுதும்போது என் கால் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் இந்தச் சந்தோஷத்தை முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

சீனியை எடுக்கப் போனோமே, அந்த நாளைத்தான் நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வெள்ளை ராஜபாளையம் நாய்களோடு வளர்ந்தவர்கள். நல்ல நாய் வீட்டு ஆளைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் கட்சி. நான் கோல்டன் ரெட்ரீவர் என்றதும், “ராஜபாளையத்துக்கு வந்து சீமை நாயா வாங்கப் போறே? ஏட்டி, ஊரே சிரிக்கும்” என்றீர்கள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் செருப்பை மாட்டியதும் நீங்கள்தான்.

மில்லுக்குப் பக்கத்து வீடு அது. முதலில் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அது வந்து உங்கள் கையை நக்கியதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிறகு ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக் கண்ணைப் பார்த்தீர்கள், காதை மோந்தீர்கள், வயிறு உப்பியிருக்கிறதா என்று தடவினீர்கள். கடைசியில் குட்டிகளுக்குப் பின்னால் போய், தட்டை டம்ளரால் ஓங்கித் தட்டினீர்கள். வெள்ளை நாய்களில் சிலது செவிடாகப் பிறக்கும் என்பதால், தட்டாமல் உங்கள் வீட்டில் குட்டி எடுப்பதில்லை. சத்தம் கேட்டதும் அத்தனை குட்டிகளும் சோறு என்று நினைத்து ஓடிவந்தன. ஒன்று தட்டிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

“சத்தம் கேட்டா மொறைக்கணும். இது பந்திக்குல்லா வருது!” என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். தட்டில் உட்கார்ந்ததைத்தான் எடுத்தோம். அதுதான் சீனி.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், அதான் உங்கள் அண்ணன், ஒரு குண்டைப் போட்டார். பின்பக்கம் இருந்த தண்ணி மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போன கோபம் அவருக்கு ஆறவே இல்லை. “தீபாவளிக்குள்ள ஒரு வெளியாளைப் பாத்துக் குலைக்கணும். இல்லன்னா எடுத்த வீட்டுலயே விட்டுட்டு வந்துரு” என்றார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தீர்கள். சீனியின் முடியைச் சிக்கெடுத்து வாரிவிடுவீர்கள். வெயிலுக்குச் சிமெண்ட் தரையில் ஈரச் சாக்கு விரிப்பீர்கள். குளிப்பாட்டினால் காதை உலரத் துடைக்காமல் விடமாட்டீர்கள். “தொங்குற காதுல தண்ணி நின்னா சீழ் வச்சிரும்” என்பீர்கள். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை அவளைத் தெருவில் இறக்க விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகப் பால்கோவா நீட்டியபோது, “நாய்க்கு இனிப்பு குடுக்கிற கையை ஒடிப்பேன்” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் மூன்று நாள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஆனால் குரைப்பு? அதுதான் வரவில்லை. ஒருநாள் உங்கள் அண்ணனின் கைலியைக் கட்டி, குரங்குக் குல்லா போட்டு, திருடனாகப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தீர்கள். சீனிக்குத் திருடனைக் கண்ட சந்தோஷம் தாங்கவில்லை. என் செருப்பைக் கவ்விவந்து உங்கள் காலடியில் வைத்தாள். “திருடனுக்கு மூட்டையும் கட்டிக் குடுப்பே போலுக்கே!” என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் அழுதுவிட்டேன். என் கன்னத்தைத் துடைத்து, “செத்த பொறு. எம்புட்டு நாள் இருக்கு” என்றீர்கள்.

நாள் இல்லை. தீபாவளிக்கு முந்தின நாளும் வந்தது, நீங்களும் வந்திருந்தீர்கள். சிலிண்டர் போட ஒரு புது ஆள், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முன்னறை நாற்காலியில் இவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படி ஜன்னல் வழியாக நான் பார்க்கிறேன், சீனி ஓடிப்போய் அந்த ஆள் முன்னால் மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டுகிறாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அப்போது வந்தது ஒரு குரைப்பு. தெருவே அதிரும் குரைப்பு. எட்டிப் பார்த்தால், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வாயில் கையைக் குவித்து நீங்கள் குரைத்துக்கொண்டிருக்கிறீர்கள்! சிலிண்டர்காரர் நாயைப் பார்ப்பதா உங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். சீனி தலையைச் சாய்த்து உங்களையே பார்த்தாள். உள்ளேயிருந்து இவர், “குலைக்குதுல்லா! சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

சீனி கிழடாகிச் சாகும்வரை நம் வீட்டில்தான் இருந்தாள். யாரையும் பார்த்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. நாம் இருவரும் அந்த ரகசியத்தை வாய் திறக்கவில்லை. நீங்கள் போன பிறகு, அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆளில்லாமல் போனது. அதுதான் மதினி தாங்க முடியவில்லை.

புதுக் குட்டிக்கு இவர் நிபந்தனை எதுவும் போடவில்லை. எனக்கே ஆச்சரியம். இன்று காலை கரண்ட் மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். குட்டி அவர் ஷூ மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, அவர் போனதும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று குரைத்தேன். கன்றுக்குட்டி கத்துவது போலத்தான் வந்தது.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், “ம்ஹூம், நல்லால்ல. என் தங்கச்சி குலைச்சா கண்ணாடி வளையல் சத்தமும் சேந்துல்லா கேக்கும்” என்றார்.

நான் முன்னறைக்கு ஓடினேன். “அன்னைக்கே தெரியுமா?” என்றேன்.

“எட்டிப் பாத்தா, ஒரு குட்டிக்காக அந்தப் பிள்ளை தரையில உக்காந்து குலைக்கி. அதுக்குப் பொறவு எந்த வாயால நான் வேண்டாம்னு சொல்ல?” என்றவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் வளையலைக் குலுக்கிக்கொண்டு இன்னொரு தடவை குரைத்தேன். இந்தத் தடவை குட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது, மதினி.