உன் அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்

வோலோஸ்
அக்டோபர் 14, 1996

அன்பு மகள் மிர்சினிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை டேனியலும் மெல்போர்னில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதா துணை இருக்கட்டும். இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் போன் உன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவரோ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, அதனால் என் தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோடையில் அப்பாவுக்கு இடது தோளுக்குக் கீழே முதுகில் வலி என்று சொன்னேன் அல்லவா, படகு எஞ்சினைத் தூக்கியதால் என்றார் அவர், ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கியதால் என்றேன் நான், சாராயத்தைச் சுட வைத்துத் தேய்த்தும் பார்த்தேன். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலுக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தது. அது என்னவென்று முடிவு வருவதற்குள்ளேயே நானும் உன் அண்ணன் பன்டெலிஸும் நம் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். டாக்டரைத் தாழ்வாரத்தில் மடக்கி, "அவர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று கெஞ்சினேன். அந்த மனுஷனும் மறுபேச்சு பேசாமல் உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பழைய சளி உறைஞ்சு கிடக்கு, வேற ஒண்ணுமில்லை" என்றார். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. கெட்ட நோய் இல்லையாம், மிர்சினி. முதுகெலும்பை ஒட்டி ஒரு நரம்பின் உறையில் முளைத்த கட்டியாம், எலுமிச்சம்பழ அளவு இருக்கிறதாம், வருஷக்கணக்காக மெதுவாக வளர்ந்திருக்கிறதாம், வேறு எங்கும் பரவாதாம். ஆனால் அதன் ஒரு நுனி எலும்பின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து தண்டுவடத்தைத் தொட ஆரம்பித்திருக்கிறது. இப்போதே இடது காலை லேசாக இழுத்து வைக்கிறார். விட்டுவைத்தால் இரண்டு காலும் போய்விடும் என்கிறார் டாக்டர். முதலில் ஒரு டாக்டர் முதுகுப் பக்கம் திறந்து அந்த நுனியை விடுவிப்பாராம், பிறகு இன்னொருவர் விலாவில் மூன்று சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டு, மிச்சத்தை எடுப்பாராம். நவம்பர் பதினொன்றாம் தேதிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சந்தோஷமாக ஓடி வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எவந்தியா, இதே வார்த்தையை, இதே சிரிப்போட, நான்தானே யோர்தானிஸ்கிட்ட சொன்னேன்? சாதாரணக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னு. நாலே மாசத்துல அவனைத் தூக்கிட்டுப் போனோம். எனக்கேவா?" என்றார். உன் சித்தப்பாவிடம் அன்றைக்கு அந்தப் பொய்யை இவர்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். பன்டெலிஸ் முடிவு எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான், "காகிதம் எழுதுறது கஷ்டமா? அவனுக்கும்தான் ஒண்ணு எழுதி வாங்கினோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போகப்போகிறவனை எதற்கு அறுக்க வேண்டும், முழு உடம்போடு போகிறேன் என்கிறார். போகும்போது போட்டுவிடச் சொல்லிக் கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

தப்பு எங்கள் மேல்தான். அந்த இரண்டு வாரமும் அவரை நாங்கள் தாங்கு தாங்கு என்று தாங்கிவிட்டோம். சிகரெட்டுக்குத் திட்டவில்லை, வார நாளிலேயே ஆட்டுக்கறி சுட்டுப் போட்டேன். காப்பிக்கடையில் ஃபோட்டிஸ் பகடையில் தொடர்ந்து மூன்று ஆட்டம் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான், முப்பது வருஷத்தில் ஒரு காயைக்கூட விடாதவன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அந்த ஏமாத்துக்காரனே எனக்கு விட்டுக்கொடுக்கிறான்னா, எவ்வளவு நாள்டி எனக்கு?" என்று கேட்டார். குழந்தைக்குத் தன் பேரை வைக்கவில்லை என்று மூன்று வருஷமாக உன்னோடு மல்லுக்கு நிற்கிறவர், போன வாரம், "பாவம், டேனியலும் நல்ல பேருதான்" என்றார். அதனால் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி அவரோடு சண்டை போடு. கால் போனால் யார் உங்களைத் தூக்கிச் சுமப்பது, அம்மாவுக்கு முதுகு இருக்கிறதா என்று கத்து. நீ கத்தினால்தான் நம்புவார், சாகப்போகிறவரிடம் நீ கத்த மாட்டாய் என்று அவருக்குத் தெரியும். நடுவில் குரல் உடைந்தால் லைன் சரியில்லை என்று வைத்துவிடு.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நான் தனியாக டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கம்மா, சாதாரணக் கட்டிதான்" என்றார். அன்றைக்கு உறைந்த சளி என்று சொன்னாரே, அதே குரல், அதே பிடி. நான் கேட்டதும் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னவர், என்னிடம் மறைக்கச் சொல்லி பன்டெலிஸ் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாரா? பத்து நாளாக பன்டெலிஸ் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொல்லாமலே விறகு அடுக்குகிறான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறான். நான் அவனிடம் எப்படிக் கேட்பது, கேட்டால் அவன் சொல்வதை எப்படி நம்புவது? அவன் உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு அப்படியே எழுது. ஒன்றுமில்லை என்றாலும் எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சீமைமாதுளை ஜாம் இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறேன், திறந்ததும் குளிர்பெட்டியில் வை. குழந்தையை வெறும் தரையில் உட்கார விடாதே. பதிலை வீட்டுக்குப் போடாமல் சித்தி முகவரிக்குப் போடு. கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனாலும் விமானம் ஏறி வந்துவிடாதே மகளே. நீ வாசலில் வந்து நின்றால் அப்பா மட்டுமல்ல, நானும் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா எவந்தியா