ரசமட்டம் இருந்த இடத்தில்

என்னங்க,

கருவிப் பெட்டியில், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தேடியிருப்பீர்கள். இந்தக் கடிதம்தான் கிடைத்திருக்கும்.

நேற்று உங்கள் பொம்மை ரயில் சங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ஆளுக்கொரு மேசையில் தண்டவாளம் போட்டு, கண்காட்சிக்காக எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். பல் டாக்டரம்மா மேசைக்கடியில் நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள். அதன் கால் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "மட்டம் ஒரு நூல் ஏறினாலும் வண்டி கவுந்துடுங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை.

எனக்கொன்றும் இல்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நம் சாப்பாட்டு மேசை ஆடுகிறது என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறேன். "காகிதத்த மடிச்சு வையேன்" என்பீர்கள்.

ரசமட்டம் இப்போது அந்த மேசைமேல் இருக்கிறது. குமிழி ஒரே ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. வந்து பாருங்கள். டாக்டரம்மா மேசையும் இன்று ஒரு நாள் ஆடட்டும்.

இப்படிக்கு,
காகிதம் மடித்து வைப்பவள்