அடி படாத தோல்

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், மாடிப்படியில் குடியேறிவிட்ட கிழட்டுப் பூனை எல்லோரும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு வேறு குறை இல்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

உன் மனைவி பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ சுவர் இடிக்கும் வேலைக்காக வெளியூர் போகிற நேரத்தில் அவளைத் தனியாக விடாமல் என்னிடம் அனுப்பினாயே, அந்த மட்டும் உனக்குப் புத்தி இருக்கிறது. தங்கமான பெண். ஆனால் இப்படி ஒரு சத்தமில்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அலமாரிக் கதவைச் சாத்தினால் சத்தம் வராது, தட்டை வைத்தால் சத்தம் வராது. அடுப்படியில் அவள் நிற்பது தெரியாமல் உன் அத்தான் இரண்டு தடவை அலறிவிட்டார். நம் வீட்டில் பூனைகூட இவளைவிட அதிகம் சத்தம் போடும் என்கிறார்.

உன்னை டிவியில் பார்த்தோம். பூகம்பத்தில் இடிந்தாலும் ஆளைக் காயப்படுத்தாத சுவர் என்று சொல்லி, நீயே அதன் கீழே நின்று, அது உன் மேல் பொலபொலவென்று உதிர்ந்து, நீ தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாயே, எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அது என் தம்பி என்று காட்டினேன். சின்ன வயதில் ஊஞ்சல் சங்கிலியில் மாட்டிக் கோணிப்போன உன் சுண்டுவிரல், அந்தச் சுவருக்குக் கொடுத்த பரிசை நீ வாங்கும்போது தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையைப் பிடித்துத்தானே உனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தேன்.

என் வேலையைக் கேட்டால் சிரிப்பாய். ஆட்களை அடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கறுத்த தோலில் அடிபட்ட இடம் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. வலிக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலும் நம்புவதில்லை, ஸ்டேஷனிலும் நம்புவதில்லை. எங்கள் இன்ஜினியர் அதற்காக ஓர் ஊதா விளக்கு செய்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கண்ணாடி மாட்டிய கேமரா வழியாகப் பார்த்தால், தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் கருப்பாகத் தெரியும். அந்த ரத்தம் உடைந்து நிறம் மாறுவதை வைத்து, அடி புதியதா பழையதா என்று கணிக்க முடியுமா என்று பார்ப்பது கெமிஸ்ட்ரிக்காரியான என் பாடு. லென்ஸை ஓயாமல் துடைத்துக்கொண்டே இருப்பதால் இன்ஜினியருக்குத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தாமாக முன்வருகிறவர்களை உட்கார வைத்து, நீளமான குழாய் வழியாக ஒரு கெட்டிப் பந்தை அவர்கள் கைமேல் விழ விடுவோம். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான். எங்கள் டாக்டரம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். உட்கார்ந்தவர் போதும் என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி. ஏன் என்று கேட்கக் கூடாது, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று கெஞ்சவும் கூடாது. மலை மாதிரி ஒரு லாரி டிரைவர், பந்து குழாய்க்குள் போவதற்கு முன்பே "போதும்மா" என்று எழுந்துவிட்டார். டீ கொடுத்து அனுப்பி வைத்தோம்.

இப்போது எங்கள் சிக்கல் வேறு. அடிபட்ட தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க அடி படாத தோல் வேண்டும், கையும் முதுகும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய கையும் ஏற்கெனவே பந்து வாங்கிவிட்டது. அதனால் அடுத்த வாரம் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஆற்றுச் சேற்றைப் பரிசோதிக்கும் சுற்றுச்சூழல்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் செய்த வேலைதானே அது. வீட்டுக்கு ஒரு ஆராய்ச்சியாளர் போதும் என்று சொல்லி நீ அவளை நிறுத்தியிருக்க வேண்டாம். சேறு என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இடிக்கிற சுவருக்குக் கீழே இனிமேல் நிற்காதே.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா

*

தம்பிக்கு,

உன் போன்களை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ 'அக்கா' என்பாய், நான் உருகித் தொலைப்பேன். உன் மனைவி என் வீட்டில் இருக்கிறாள். இனியும் இங்கேதான் இருப்பாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடத்துக்குப் போன அன்று காலையில் நீ பதறிக்கொண்டு போன் செய்தாய். அவளுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, தோல் அலர்ஜி, கூட்டிப் போகாதே என்றாய். நான் அதைக் கேட்டுப் பூரித்துப் போனேன். என் தம்பி பெண்டாட்டியை எப்படித் தாங்குகிறான் பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் பெருமையடித்தேன். அலர்ஜியா என்று அவளையே கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை அண்ணி என்றாள். காரில் போகும்போது அந்த விளக்கு எதையெல்லாம் காட்டும் என்று நான் வளவளத்துக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள், இப்போது புரிகிறது.

டாக்டரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, துணியால் போர்த்தி, முதுகில் மட்டும் துணியை விலக்கினார். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. வழுவழுவென்று இருந்தது. விளக்கைப் போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் படம் வந்தது. துடைப்பம் உடனே லென்ஸைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படம் வந்தது. மறுபடி துடைத்தார். லென்ஸ் புதுசுங்க, இவ்வளவு கறை எங்கேருந்து வருது என்று புலம்பினார். அடி படாத தோல் என்று சொல்லி நாங்களே உட்கார வைத்த ஆள் அல்லவா, தோலைச் சந்தேகப்பட எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது முறை அவர் துணியை எடுத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"தொடைக்காதீங்க சார். அது லென்ஸ்ல இல்ல."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே ஒரு கை. விரல் விரலாக, முழுக் கை. நான்கு விரல் நேராக இருந்தது, சுண்டுவிரல் கோணிக்கொண்டு தனியாக நின்றது. எனக்கு வேறு சாட்சி வேண்டுமா? அதற்குக் கீழே விலா நெடுகிலும் இரட்டைக் கோடுகள், தண்டவாளம் மாதிரி. உருட்டுக் கம்பால் ஓங்கி அடித்தால் நடுவில் வெளுத்து இரண்டு பக்கமும் ரத்தம் கட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். உன் சுவருக்குள் வைக்கிற மெல்லிய கம்பிதானே அது? கோட்டின் மேல் கோடு, பழையதன் மேல் புதியது. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு அவளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். உன் வரைபடத்தின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்ததற்குக் கம்பியாம். நீ செய்து வைத்த குட்டி மாதிரி வீட்டைத் தூசி தட்டும்போது ஒரு தூண் உடைந்ததற்குத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாயாம். நீ வேலை செய்யும்போது அலமாரி சத்தம் கேட்டால் அதற்கு ஓர் அறையாம். துணி மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பாயாம். அடித்து முடித்துவிட்டு நீயே ஐஸ் வைத்து ஒற்றி, ஆராய்ச்சி டென்ஷன் என்று அழுவாயாம். அடப் பாவி, சுவர் ஆளைக் காயப்படுத்தாமல் விழ வேண்டும் என்று வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவன் நீதானே?

டென்ஷனா? எனக்கில்லாத டென்ஷனா உனக்கு? நானும் ஆட்களை அடிக்கிறவள்தான். பந்தைப் போடுவதற்கு முன்னால் நூறு தடவை கேட்கிறேன். அவர்கள் முகம் சுருங்கினால் பந்தை எடுத்து வைத்துவிடுகிறேன். அவள் உன்னிடம் எத்தனை தடவை போதும் என்று சொல்லியிருப்பாள்? இப்போது நீ என் எதிரில் இருந்தால் அந்தக் கம்பியாலேயே உன் கையை முறித்திருப்பேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் எழுதுகிறேன், மிகைப்படுத்தவில்லை.

இங்கே வராதே. டாக்டரைப் பார், கோபத்துக்கும் வைத்தியம் இருக்கிறது.

அக்கா

*

தம்பி,

வராதே என்று எழுதியும் வந்தாய். நடந்ததை உனக்கே எழுதுவது விசித்திரம்தான். ஆனால் ஸ்டேஷனில் நீ வேறு கதை சொல்லக்கூடும் என்பதால், நடந்ததன் பிரதி ஒன்று உன் கையிலும் இருக்கட்டும்.

பட்டப்பகலில் வந்தாய். பெல் அடிக்கக்கூட இல்லை, எடுத்த எடுப்பில் கதவை உதைத்தாய். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. உன் அத்தான், வாங்க உட்காந்து பேசலாம் என்றுதான் சொன்னார். அவர் வாயில் குத்தினாய். முன்பல் ஒன்று உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். உன் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்த மனிதர், தரையில் கிடந்து மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தபோது, அவள் மேஜைக் காலைக் கட்டிக்கொண்டாள். மேஜையோடு சேர்த்து இழுத்தாய்.

நான் நடுவில் விழுந்தேன். உன் கையைக் கடித்தேன், நினைவிருக்கிறதா? அப்போதுதான் அவளை விட்டுவிட்டு என் முன்கையைப் பிடித்தாய். அக்கா என்று தெரிந்துதான் பிடித்தாய், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே. முறுக்கிச் சுவரில் அடித்தாய். என் எலும்பு முனகிய சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சுவர் உன் சுவர் இல்லை, உதிரவில்லை.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் ஓடிவந்து உன்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நீ வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாய். மன்னிச்சிடு, வீட்டுக்கு வா என்று அவளைக் கெஞ்சினாய். ஒரு நொடி, உண்மையைச் சொல்கிறேன், எனக்கே மனசு இளகியது. அவள் என்னைத் தாண்டி வந்து நிலைப்படியில் நின்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். போதும் என்றாள். நீ ஏன், ஏன் என்று கத்தினாய். எங்கள் கூடத்தில் அப்படிக் கேட்க மாட்டோம் தம்பி. போலீஸுக்கு எலக்ட்ரீஷியன் போன் போடுவதைப் பார்த்ததும் ஓடிவிட்டாய்.

மறுநாள் கையில் கட்டுப் போடுவதற்கு முன்னால் நான் கூடத்துக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டார்கள். உன் ஐந்து விரலும் அப்படியே வந்தன. துடைப்பம் இந்த முறை லென்ஸைத் தொடவில்லை. படத்தைச் சேமித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இதை யார் செய்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, என் தம்பி என்று நானே சொன்னேன்.

அவள் தன் படங்களை ஸ்டேஷனில் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டாள். அதன் பக்கத்தில் நான் என்னுடையதையும் வைத்தேன். இரண்டிலும் ஒரே சுண்டுவிரல். புது விளக்கு, கோர்ட்டில் எவ்வளவு செல்லுமோ தெரியாது என்று இன்ஸ்பெக்டர் தயங்கினார். விளக்கை நம்ப வேண்டாம், அந்தக் கையை வளர்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். மேல்மாடியில் அவளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். முழங்கால் வரை சேறோடு வீட்டுக்கு வருகிறாள். நேற்று அடுப்படியில் பெரிய பாத்திர மூடியைக் கீழே போட்டுவிட்டாள். தெருவே அதிர்ந்தது. அவள் அப்படியே உறைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உன் அத்தான், ஓட்டைப் பல்லோடு, இன்னொரு மூடியை எடுத்து வேண்டுமென்றே கீழே போட்டார். நானும் ஒரு கையால் ஒரு தட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அப்போதுதான் கேட்டோம்.

இப்போது நான் கேட்பதைச் செய். உன்னைத் தேடி அவர்கள் வருவதற்கு முன்னால் நீயே ஸ்டேஷனுக்குப் போய் நில். அடித்தேன் என்று உன் வாயால் சொல். உன் பேர் போகும், பரிசு போகும், போகட்டும். அத்தனை பேர் பார்க்க, விழப்போகிற சுவருக்குக் கீழே தைரியமாக நின்றவன் நீ. இதற்கும் நில். நீ ஜெயிலில் இருந்தால் நான் பார்க்க வருவேன், சாப்பாடு கொண்டு வருவேன். அவள் வர மாட்டாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் கேட்கக் கூடாது.

கட்டை அவிழ்த்தால் என் கையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, வீக்கம்கூட வற்றிவிட்டது. ஆனால் இன்றைக்கும் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மற்ற விரல்கள் மங்கிவிட்டன. சுண்டுவிரல் இன்னும் இருக்கிறது. அது மறைவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடு.

நன்றாக இரு. தனியாக இரு.

அக்கா